ஆனைக்குட்டத்திலிருந்து வெளியூர் கிளம்புகிறீர்களா?

சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர் மூன்றையும் நம்பித்தான் நம் பயணங்கள். கிளம்பும் முன் கவனிக்க:

● டவுன் பஸ்: சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துனரிடம் டிக்கெட் கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தைப் போகும்போதே விசாரித்துவிடுங்கள்.

● ரயில்: சென்னைக்கு இரவில் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் நிற்கும். அதில் இடமில்லையா? விருதுநகர் சந்திப்பில் பாருங்கள். திருநெல்வேலி, தென்காசி, மானாமதுரை பாதைகள் அங்கே கூடுவதால் வண்டிகள் அதிகம். தீபாவளி, பொங்கல் பயணத்துக்கு முன்பதிவு தொடங்கும் நாளிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். சந்தேகங்களுக்கு 139.

● விமானம்: அருகில் இருப்பது மதுரை. நான்குவழிச் சாலையில் போனாலும் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

● பட்டாசு வேண்டாம்: உறவினருக்கென்று ஒரு பெட்டி மத்தாப்புகூட ரயிலில் கொண்டுபோகக் கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பஸ்ஸிலும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பொறி போதும், உடன் வருபவர்கள் உயிருக்கே ஆபத்து.

● வேலை வண்டி: ஆலைக்கு ஆள் ஏற்றும் வேனிலோ ஷேர் ஆட்டோவிலோ படியில் தொங்காதீர்கள். நெரிசலாக இருந்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். சம்பளத்தைவிட உயிர் பெரிது.

● பைக்: இருவருக்கும் ஹெல்மெட் அவசியம். விபத்து என்றால் உடனே 108.