வாயில்லா ஜீவனுக்காக அழலாமா?

உறவினரை இழந்தவர் வீட்டிற்கு ஊர் கூடி வந்து துக்கம் விசாரிக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் வாசற்படியில் படுத்திருந்த நாய் இறந்தால் ஒருவரும் வருவதில்லை. இழந்தவரும் அதை வெளியில் சொல்லக் கூசுகிறார். சொன்னாலோ, "நாய்தானே!" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் ஆன்மிக நாட்டம் உடையவராக இருந்தால் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. 'இத்தனை ஆண்டுகள் ஜபமும் பாராயணமும் செய்த பிறகும், ஒரு பிராணியின்மீது இவ்வளவு பற்று வைத்துவிட்டோமே! நம் சாதனையெல்லாம் வீண்தானோ?' என்ற ஐயமே அது. அந்த ஐயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பெங்களூரு விவேக் நகரில் வசிக்கும் அம்மையார் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபதைக் கடந்தவர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் ஒரு மழைநாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டிதான் 'மணி'. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்திற்குச் செல்லும் கூட்டம் அவர் வீட்டுத் தெரு வழியாகவும் போகும். அத்தனை பேர் நடந்தாலும் குரைக்காமல் வாசலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்குமாம் அந்த நாய். அது இறந்த மூன்றாம் வாரம் அந்த அம்மையார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "மாலை ஐந்து மணிக்கு நான் இனி என்ன செய்வது?"

இந்தக் கேள்வியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. முதுமையில் நாளைப் பகுத்துக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக விலகிவிடுகிறார்கள். பள்ளிமணி இல்லை, அலுவலகம் இல்லை, சாப்பாட்டிற்குக் காத்திருக்கும் குழந்தைகள் இல்லை. காலையில் கதவைப் பிறாண்டி எழுப்பவும், மாலையில் வெளியே இழுத்துச் செல்லவும் எஞ்சியிருந்தது அந்த ஒரு ஜீவனே. பகலெல்லாம் ஒரு மனிதரையும் தொடாமலே கழிக்கும் முதியவர்கள் நம் நகரங்களில் எத்தனையோ பேர். அவர்களின் கைக்குக் கிடைத்த ஒரே உயிர்ச்சூடு அந்த நாயின் தலையாக இருந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கணவரின் காலடி ஓசையை அறிந்திருந்த கடைசி ஜீவன் அந்த வீட்டில் மணிதான். அது போனபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மரணமும் மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது. அழுகை இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

பிறர் ஏற்காத துக்கம் ஏற்கப்பட்ட துக்கத்தைவிடக் கடினமானது என்பதை மேல்நாட்டு அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கரான கென்னத் டோக்கா 1989-ஆம் ஆண்டு இதற்கென ஒரு நூலையே வெளியிட்டார். துக்கப்படும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் துக்கம் என்று அவர் அதை விளக்கினார். நம் ஊரில் அந்த உரிமையை மறுப்பவர்கள் சில வேளைகளில் கீதையையே மேற்கோள் காட்டுகிறார்கள். வருந்தத் தகாதவர்களுக்காக வருந்துகிறாய் என்று கண்ணன் அர்ஜுனனிடம் கூறியது உண்மை. ஆனால் அது போர்க்களத்தில், தன் கடமையை விட்டு விலக முற்பட்ட ஒரு வீரனுக்குச் சொன்னது. குழி தோண்டி முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டியின் காதில் போடுவதற்காகச் சொன்னது அன்று.

நாயில் தொடங்கி நாயில் முடியும் காவியம்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில், தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஜனமேஜயனின் வேள்விச் சாலைக்கு அருகே வந்த அதை அரசனின் தம்பியர் அடித்துவிடுகிறார்கள். அது அழுதுகொண்டே தாய் ஸரமையிடம் ஓடுகிறது. ஸரமை நேரே வேள்விச் சாலைக்கு வந்து, 'என் மகன் அவியை நக்கவில்லை, பார்க்கவும் இல்லை. குற்றமற்றவனை ஏன் அடித்தீர்கள்?' என்று கேட்கிறாள். அங்கிருந்த எவரிடமும் பதில் இல்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று கூறிவிட்டு அவள் போகிறாள். அரசன் நடுங்கிப்போகிறான்.

பதினேழாவதான மஹாப்ரஸ்தானிக பர்வத்தில் மீண்டும் ஒரு நாய். முதுமையடைந்த பாண்டவர்கள் அரசைத் துறந்து வடதிசை நோக்கி நடக்கிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்தே ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. திரௌபதி வீழ்கிறாள், ஸகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். யுதிஷ்டிரர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். நாயும் நடக்கிறது. இந்திரன் தேருடன் வந்து அழைக்கும்போது, நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். தன்னை அண்டியதைக் கைவிட்டுப் பெறும் இன்பம் தனக்கு வேண்டாம் என்று யுதிஷ்டிரர் மறுக்கிறார். இறுதியில் அந்த நாய் தர்மதேவதையாகக் காட்சி தருகிறது. இதுவரை நாம் அனைவரும் அறிந்ததே.

பலரும் கவனியாது கடந்துபோகும் ஒரு பகுதி இடையில் இருக்கிறது. 'மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டுவிட்டு வந்த நீ, ஒரு நாயை விடமாட்டேன் என்கிறாயே, இது என்ன நியாயம்?' என்று இந்திரன் மடக்குகிறான். யுதிஷ்டிரரின் பதில் ஆழமானது. இறந்தவர்களுடன் நட்போ பகையோ கொள்ள இயலாது. அவர்களை உயிர்ப்பிக்க எனக்கு ஆற்றல் இல்லை. அதனால்தான் விட்டு வந்தேன். உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருவரையும் நான் கைவிடவில்லை என்கிறார்.

துக்கத்தில் இருப்பவர் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டிய இடம் இதுவே. உயிரோடு இருக்கும்வரை கைவிடாமை கடமை. இறந்தபின் நடையைத் தொடர்வது துரோகமாகாது. இரண்டையும் ஒருவரே செய்கிறார், அதுவும் ஒரே பயணத்தில். தம்பியர் வீழ்ந்த இடத்திலேயே அவர் அமர்ந்துவிட்டிருந்தால் நாயைக் காக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மான்குட்டியின் கதை

நாயை நினைத்து அழுதால் நாயாகப் பிறப்பாய் என்று பயமுறுத்துவோர் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தை நினைத்தே அப்படிச் சொல்கிறார்கள். அரசைத் துறந்து நதிக்கரையில் தவம் செய்த பரத மன்னர், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டிய பெண்மான் ஈன்ற குட்டியைக் காப்பாற்றி வளர்க்கிறார். இறுதிக் காலத்தில் அதையே நினைத்து உயிர் துறந்து மானாகப் பிறக்கிறார்.

கதையை மூலத்தை ஒட்டிப் படித்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, குட்டியை ஆற்றிலிருந்து எடுத்ததை நூல் குற்றமாகக் கூறவில்லை. நீராடல், பூஜை, நியமங்கள் என ஒவ்வொன்றாக அவரிடமிருந்து நழுவியதையே அது வரிசையாகச் சொல்கிறது. இரண்டாவது, மான் இறந்து பரதர் அழவில்லை. பரதர் இறக்கும்போது மான் உயிருடன், ஒரு மகனைப் போல அவர் அருகில் அமர்ந்து துயரப்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே இது மரணத் துக்கத்தைப் பற்றிய கதையே அன்று. வாழும்போது அன்பு ஒருவரைச் சுருக்கியதா, விரித்ததா என்பதைப் பற்றிய கதை.

இந்த அளவுகோலை விவேக் நகர் அம்மையாரிடம் வைத்துப் பார்க்கலாம். நாயை அழைத்துச் செல்வதற்காக விடியற்காலையில் எழுந்தவர், அந்த நேரத்தில் ஜபமும் செய்தார். நடையில் தெருவில் உள்ள பலரை அறிந்தார். பூக்காரியின் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பரதரிடமிருந்து நழுவியவை இவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

ரமணாசிரமத்து ஜாக்கி

திருவண்ணாமலை ரமணாசிரமத்திற்குச் சென்றவர்கள், பசு லக்ஷ்மி, மான் வள்ளி, ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகளைப் பார்த்திருப்பார்கள். பகவான் ரமணர் விலங்குகளை அஃறிணையில் குறிப்பிடுவதில்லை. 'பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா?' என்று அவர் கேட்டால், அது ஆசிரமத்து நாய்களைப் பற்றிய விசாரணையாக இருக்கும். ஜாக்கி நோயுற்றபோது கூடத்திலேயே அதற்கு மெத்தென்ற படுக்கை அமைத்து, நாற்றம் வந்த நிலையிலும் அருவருப்பின்றி அருகிருந்து தடவிக்கொடுத்தார் என்று உடனிருந்த அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். லக்ஷ்மி 1948 ஜூன் 18-ஆம் நாள் உயிர் நீத்தபோதும் அவர் அதனருகில் அமர்ந்து தலையில் கை வைத்திருந்தார். பற்றற்றவர் என்று உலகம் போற்றிய ஒருவர், சாகும் பிராணியின் பக்கத்திலிருந்து எழுந்து போகவில்லை. பற்றின்மை என்பது விலகி நிற்பதுதான் என்ற நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இது போதும்.

கல்லில் எழுதிய நன்றி

இத்தகைய துக்கம் நகர வாழ்க்கை தந்த புதிய பலவீனம் என்று சிலர் கருதுகிறார்கள். அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுடன் அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற நாயின் பெயரும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுத்தில் உள்ளன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயர் மறந்துவிடக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

கர்நாடகத்திலும் ஒன்று உண்டு. 949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் வீழ்ந்தார். ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணருக்குத் துணைநின்ற கங்க மன்னர் பூதுகரின் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் வீரத்தை மெச்சி, வேண்டுவதைக் கேள் என்றபோது, அவன் கேட்டது ஊரோ பொன்னோ அல்ல. காளி என்ற வேட்டைநாய். பின்னர் அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியுடன் மோதி, இரண்டும் ஒருங்கே மாண்டன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில், சிவாலயத்தின் முன் அதற்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தை அனுபவிக்கும் பூசகர் கல்லுக்குப் பூஜை செய்யாமல் உண்ணலாகாது என்ற கட்டளையும் பொறிக்கப்பட்டது. அந்தக் கல் பின்னாளில் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. விவேக் நகரிலிருந்து அது தொலைவில் இல்லை.

ஊசி போட்ட கை

சில வீடுகளில் துக்கத்தைவிடக் குற்ற உணர்வே பெரிதாக இருக்கிறது. தீராத வேதனையில் இருந்த நாய்க்குக் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி ஊசி போட்டு விடுதலை அளித்தவர்கள், 'நானே கொன்றுவிட்டேன்' என்று மறுகுகிறார்கள். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்த கன்றுக்குட்டி ஒன்றுக்கு மருத்துவரின் ஊசியால் முடிவு தர காந்தியடிகள் இசைந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவரோ அதை மறைக்கவில்லை. பத்திரிகையில் தாமே எழுதி, தமக்காக அன்றி அந்தக் கன்றின் வேதனைக்காகச் செய்தது ஹிம்சை ஆகாது என்று வாதிட்டார். இதில் எல்லோரும் அவருடன் உடன்பட வேண்டியதில்லை. ஊசி வேண்டாம் என்று கடைசிவரை மடியில் வைத்துக் காத்தவர்களும் அன்பினாலேயே அப்படிச் செய்தார்கள். யாருடைய துன்பத்தை முன்வைத்து முடிவு எடுத்தோம் என்று ஒருமுறை நேர்மையாகக் கேட்டுக்கொண்டு, விடை தெளிவாக இருந்தால், அந்த வழக்கை மீண்டும் மீண்டும் விசாரிக்க வேண்டாம்.

இனி மாலை ஐந்து மணிக்கு

அடக்கம் செய்த அன்றே தட்டையும் கழுத்துப்பட்டையையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தும் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அவற்றை எப்போது எடுப்பது என்பதை முதியவரே தீர்மானிக்கட்டும். அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் மகனும் மகளும், "வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் அம்மா" என்று தொடங்குவதற்குப் பதில், "மணி என்னவெல்லாம் செய்யும், சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பத்து நிமிடம் கேட்பது போதும்.

வீட்டில் நிலமில்லாதவர்களுக்கு, கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வளாகத்தில் செல்லப்பிராணிகளை அடக்கம் செய்யும் இடம் உள்ளது. பத்தாம் நாளோ ஒரு மாதம் கழித்தோ விளக்கேற்றி, அதன் பெயரைச் சொல்லி நாலு பேருக்கு அன்னமிட்டால் சாஸ்திர விரோதம் ஒன்றும் நேர்ந்துவிடாது. மாலை நடையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். முதல் சில நாட்கள் கையில் கயிறு இல்லாமல் நடப்பது கடினமாக இருக்கும். அண்டை வீட்டார் ஒருவர் உடன் வந்தால் நல்லது; வேறு எதையும் பேச வேண்டியதில்லை.

இன்னொரு நாயை வளர்க்கலாமா என்பதற்குப் பொதுவான விடை இல்லை. அவசரம் வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். எழுபத்தைந்து வயதில் குட்டியை எடுப்பவர், அது பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழும் என்பதையும், தமக்குப்பின் அதைப் பார்ப்பவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். பெங்களூரில் 1991-ல் கியூபா என்ற பிராணிகள் நல அமைப்பைத் தொடங்கிய கிரிஸ்டல் ரோஜர்ஸ் அம்மையார் அப்போது எண்பதைக் கடந்திருந்தார். தமக்குப்பின் நடத்துவதற்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே அவர் அதைத் தொடங்கினார். தெருநாய்களுக்கு உணவிட விரும்புவோர், 2025-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியபடி, உள்ளாட்சி குறித்துக் கொடுக்கும் இடத்தில் இட வேண்டும்.

காப்பகங்களில் எட்டு, ஒன்பது வயதான நாய்களும் இருக்கும். குட்டிகளை எடுத்துச் செல்ல ஆட்கள் வருவார்கள். இவற்றைக் கேட்டு வருபவர் குறைவு. அவற்றுக்கும் மாலை ஐந்து மணிக்கு நடக்க வேண்டும், ஆனால் மெதுவாக.