விளக்குச் சூட்டில் வளர்ந்த கோழிக் குஞ்சுகளை வெளியிற் பழக்கும் முறை

நாட்டுக்கோழி வளர்ப்பு கிராமத்து மகளிருக்கு ஏற்ற உபதொழில் என்பது ஐக்கிய சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. நான்கு வார வயதுள்ள 40 குஞ்சுகளைப் பாதி விலை மானியத்தில் மகளிருக்கு வழங்கும் அரசாங்கத் திட்டத்திற்கு 2024ஆம் ஆண்டில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. மீதிப் பாதி விலை வாங்குபவரின் சொந்தப் பணமாகும். குஞ்சுகள் வந்து சேர்ந்த முதற் பதினைந்து நாட்களில் அவற்றைக் காப்பாற்றினாலன்றி அப்பணம் திரும்பி வாராது.

அச்சத்தின் காரணம்

தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சு, பருந்தின் நிழல் கண்டதும் தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டு அதன் சிறகினுள் ஒளிகின்றது. மின்விளக்கின்கீழ் வளர்ந்த குஞ்சுக்கு அக்கல்வி இல்லை. காற்று, வெயில், நாய், பூனை யாவும் அதற்குப் புதியவை. வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர், அவ்வழிச் செல்லும் லாரிகளின் ஓசையும் சேர்ந்துகொண்டது. திடீர் ஓசை கேட்ட குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கும். அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டி மடியும். ஆதலின் கொட்டிலின் மூலைகளை அட்டையோ தகடோ வைத்து வளைவாக மறைத்துவிடுதல் நலம்.

உஷ்ணமும் கவனிக்கத்தக்கது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைத்து வருதல் வழக்கம். நான்காம் வார முடிவில் பகல் நேரச் சூடே போதுமாயினும், இறகு முற்றும் மூடாத குஞ்சுக்கு மழையும் இரவுக் குளிரும் ஆகா.

பழக்கும் முறை

1. முதல் மூன்று நாட்கள் வெளியே விடலாகாது. உமி பரப்பிய இடத்தில் வைத்து, முன்பு உண்ட தீவனத்தையே கொடுக்க வேண்டும். பிரயாணக் களைப்பு நீங்க முதல் நாள் தண்ணீரில் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுக்கலாம்.

2. நான்காம் நாள், வெயில் சற்று ஏறிய பின், மூங்கிற் படலால் அடைத்து மேலே வலை கட்டிய இடத்தில் அரைமணி நேரம் விடுக. குஞ்சுகளைப் பிடித்து வெளியே எறியலாகாது. கதவைத் திறந்து, வாயிலில் சிறிது தீவனம் தூவினால் துணிவுள்ளது முதலில் வரும்; மற்றவை அதனைப் பின்பற்றும்.

3. அடைப்பினுள் ஒரு பக்கம் நிழலும், ஓடி ஒளிய ஒருபுறம் தூக்கி நிறுத்திய பஞ்சாரமோ பனையோலையோ இருத்தல் அவசியம். ஒளிய இடமுள்ள குஞ்சே துணிந்து மேயும்.

4. நாள்தோறும் நேரத்தை அரைமணி கூட்டுக. மாலையில் ஒரே குரலில் அழைத்துக் கொட்டிலினுள் தீவனமிட்டால், பின்னர் அவை தாமே அடையும்.

5. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரையும், ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் தரை ஈரமாயுள்ள போதும் வெளியே விடுதல் கூடாது. ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் எளிதிற் பரவும்.

அறிகுறிகள்

வாய் திறந்து மூச்சிரைத்துச் சிறகை விரித்தால் வெப்பம் மிகுதி. நெருங்கி நின்று ஓயாது கத்தினால் குளிர் அல்லது அச்சம். கழுத்தை நீட்டி அசையாது நின்றால் ஏதோ கண்டு அஞ்சியது. அன்று நேரத்தைக் கூட்டாதிருக்க. தரையைக் கிளறி மண்ணில் புரண்டால் அச்சம் தீர்ந்தது என்று கொள்க. அவ்வடையாளம் பெரும்பாலானவற்றிடம் காணும் வரை வலையை நீக்கலாகாது.

சங்கத்தின் கடமை

புதுக் குஞ்சுகளை இரண்டு வாரம் வரை வீட்டுக் கோழிகளோடு சேர்க்கலாகாது. கோழிக் கழிச்சல் நோய் ஒரு வீட்டிற் புகின் தெரு முழுதும் பரவும். இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1927இல் கண்டறியப்பட்டமையால் இதற்கு அவ்வூர்ப் பெயரும் உண்டு. முன்பு என்ன தடுப்பு மருந்து தரப்பட்டது என்பதை வாங்குமிடத்திலேயே கேட்டறிக. எட்டாம் வாரத்தில் மீண்டும் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். மருந்துப் புட்டி ஒன்று நூறு கோழிகளுக்குப் போதுமானது. கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவழிக்காவிடில் வீணாகும். தனியொரு வீட்டார் வாங்கினால் பெரும்பகுதி நஷ்டம். அண்டை வீட்டார் மூவர் நால்வர் கூடி ஒரே நாளில் போடுவித்தால் செலவு குறையும், தெருவும் காக்கப்படும். வலையையும் படலையும் சங்கம் பொதுவில் வாங்கி, குஞ்சு பெற்றவருக்கு முறையே பதினைந்து நாட்கள் தந்துதவுதல் தகும்.