சுரத்தின் அடியில் ஓர் எண்

கேள்வி: தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய இசைத்தாள் ஒன்றில், கீழ்வரிச் சுரங்களுக்கு அடியில் உப்பளக் கணக்குபோல 6, 7 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?
– வாசகர், மரக்காணம்

பதில்: அதன் பெயர் ‘ஃபிகர்டு பேஸ்’. 1600 வாக்கில் இத்தாலியில் அச்சான இசைநூல்களில் பரவிய முறை. கீழ்ச்சுரத்தை மட்டும் எழுதி, மேலே சேரவேண்டியவற்றை எண்ணால் சொல்லிவிடுவார்கள். கார்டை எப்படி விரித்து வாசிப்பது என்பது கலைஞர் பாடு. இசையமைப்பாளர் பாக்கின் தேவாலய இசையிலும் ஆர்கன்காரருக்கு இப்படித்தான் தாள் போனது.

எண்ணும் விதம் எளிது. கீழ்ச்சுரத்தையே ஒன்றாகக் கொள்ளவேண்டும். ‘ஸ’வை ஸி என்று வைத்து, சங்கராபரணச் சுரங்களில் பார்ப்போம். ‘ஸ’வின் அடியில் எண்ணே இல்லையென்றால் 3, 5 என்று பொருள்: ஸ, க, ப. ‘க’வின் அடியில் 6 என்றால் மூன்றாவதும் ஆறாவதும்: க, ப, ஸ. ‘ப’வின் அடியில் 6, 4 என்றால் ப, ஸ, க. மூன்றும் ஒரே ஸி மேஜர் கார்டுதான். அடியில் நிற்கும் சுரம் மட்டுமே மாறுகிறது. 7 என்றால் வழக்கமான மூன்று, ஐந்தோடு ஏழாவதும் சேரும்.

எண்ணில்லாமல் ஷார்ப் குறி மட்டும் இருந்தால்? மூன்றாவது சுரத்தை அரைச்சுரம் ஏற்றவேண்டும். தடுமாற வைக்கும் இடம் இதுதான்.



கிட்டார் தாளில் வரும் ‘ஸி6’ வேறு சங்கதி. அதில் ஸ, க, பவோடு தவும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.