அண்ணாச்சியின் பாக்கிக் கணக்கு

தாராவி 90 அடி ரோட்டில் ஓர் அண்ணாச்சி தோல் பை கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பில் போடுவது அதில்தான். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அதில்தான்.

அது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதற்கு வழக்கமான பாதுகாப்புத் தருவதை நிறுத்தியது. விண்டோஸ் 11 பல பழைய கம்ப்யூட்டர்களில் ஏறாது. அண்ணாச்சி கடையிலும் ஏறவில்லை.

"புதுசு வாங்கப் பணத்துக்கு எங்கே போவேன்?" என்றார் அண்ணாச்சி.

மகள் மாட்டுங்காவில் கல்லூரியில் படிக்கிறாள். "லினக்ஸ் போடலாம் அப்பா. அதற்குக் காசு வேண்டாம்" என்றாள்.

"நம்ம பில் புரோகிராம் அதில் ஓடுமாம்மா?"

நல்ல கேள்வி. அப்படியே போட்டால் ஓடாது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் கம்ப்யூட்டரை நடத்துபவை. "கணக்கைத் திற", "பில்லை அச்சடி" என்று புரோகிராம் அவற்றிடம்தான் கேட்கும். விண்டோசுக்கு எழுதிய புரோகிராம் விண்டோஸ் பாஷையில் கேட்கும். லினக்சுக்கு அது புரியாது.

ஊரிலிருந்து பாட்டி வருகிறார். அவருக்குத் தமிழ்தான் தெரியும். கோலிவாடாவில் மீன் விற்கும் அம்மாவுக்கு மராத்திதான் தெரியும். பேத்தி கூடப் போகிறாள். பாட்டி கேட்பதை மராத்தியில் சொல்கிறாள். பதிலைத் தமிழில் சொல்கிறாள். மீன் வந்துவிடுகிறது.

பேத்தியின் வேலையைச் செய்வதுதான் வைன். குடிக்கிற ஒயின் இல்லை! இதுவும் ஒரு புரோகிராம், இலவசம். 1993-இல் வேலை தொடங்கியது. பலர் சேர்ந்து எழுதினார்கள். 1.0 என்ற பதிப்பு வெளிவந்தது 2008-இல்தான். 15 ஆண்டு உழைப்பு.

இன்னொரு வழியும் உண்டு. செம்பூரில் முன்பு ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது. சினிமா ஸ்டூடியோவுக்குள் வீடு, தெரு என்று செட் போடுவார்கள். அதுபோல, கம்ப்யூட்டருக்குள் வேறொரு கம்ப்யூட்டரையே செட் போடலாம். இதற்கு எமுலேட்டர் என்று பெயர். விண்டோசுக்கு முன்பு டாஸ் இருந்தது. டாஸ் காலத்துப் புரோகிராம்களை ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் இருக்கிறது. இந்த வழியில் வேகம் குறையும். பழைய சின்ன புரோகிராமுக்கு அது போதும்.

வைனில் எல்லாம் ஓடிவிடாது. சில புரோகிராம் திறக்கவே திறக்காது. சில திறக்கும், அச்சடிக்காது. ஆகவே மகள் அவசரப்படவில்லை. முதலில் கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். பாக்கிப் பட்டியலை அச்சடித்தும் வைத்தாள். இன்னொரு பென் டிரைவில் லினக்சைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டினாள். விண்டோஸ் அழியவில்லை.

வைன் மூலம் பில் புரோகிராம் திறந்தது. பிரிண்டர்தான் அசையவில்லை. அந்தப் பிரிண்டருக்கு என்று லினக்சில் ஒரு சிறு புரோகிராம் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் பில் வந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. அச்சடித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பாக்கியை ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார்.

"ஒரு ரூபாய் குறையவில்லை" என்றார்.

பேசிப் பார்ப்போம்: மகள் ஏன் முதலில் நகல் எடுத்தாள்? உங்கள் கடைக் கணக்குக்கு நகல் இருக்கிறதா?