கட்டடம் பேசும், பேர் சொல்லாது

கட்டடக்கலை படித்து முடித்து இந்த ஆண்டு தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். என் கதையைவிட ஜூலியா மார்கன் கதை உங்களுக்கு உதவும். 1872இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் ஆர்க்கிடெக்ட். 700க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குப் பிளான் போட்டவர். அப்படிப்பட்டவரையே ஊர் மறக்கப் பார்த்தது. ஏன் மறந்தது, எப்படி மீட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் கம்பியையும் கான்கிரீட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். மார்கன் பெர்க்லியில் படித்தது சிவில் எஞ்சினியரிங். பட்டம் வாங்கியது 1894இல். ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரிக்கு 1904இல் 72 அடி மணிக்கூண்டு ஒன்றை ஆர்.சி.சி.யில் கட்டினார். அன்றைக்கு அது புதுச் சரக்கு. 1906 ஏப்ரல் 18 அன்று பூகம்பம் வந்து, எதிர்க்கரையில் சான் பிரான்சிஸ்கோ இடிந்து எரிந்தது. மணிக்கூண்டு அசையாமல் நின்றது. அதற்கப்புறம் வேலை தானாகத் தேடி வந்தது.

2. உங்கள் வேலை இன்னதென்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தத் தீயில் உள்ளெல்லாம் வெந்துபோன ஃபேர்மாண்ட் ஓட்டலை மறுபடி எழுப்பும் பொறுப்பு மார்கனிடம் வந்தது. உள் அலங்காரம் அவர் செய்ததாக நினைத்துக்கொண்டு ஒரு நிருபர் பேச்சுக் கொடுத்தார். அலங்காரத்துக்கு ஆள் வேறு, தன்னுடையது கட்டுமான வேலை என்று மார்கன் அங்கேயே திருத்தினார். பெண் பிள்ளைகளே, பெயின்ட் கலர் கேட்க மட்டும் உங்களைக் கூப்பிடுவார்கள். தூண், பீம் கணக்கும் நீங்கள் போட்டதுதான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

3. இரண்டு தடவை தவறினால் மூன்றாம் தடவையும் எழுதுங்கள். பாரிஸின் எகோல் தே போஸார் பள்ளியில் 1897 வரை பெண்கள் நுழைவுத் தேர்வே எழுத முடியாது. அனுமதி கிடைத்ததும் மார்கன் எழுதினார், இடம் கிடைக்கவில்லை. மறுபடி எழுதினார், அப்போதும் இல்லை. 1898இல் மூன்றாம் முயற்சியில் 13ஆம் இடம். 30 வயதுக்கு மேல் அங்கே படிக்க முடியாது என்று ஒரு விதியும் இருந்தது. வயது கழுத்தைப் பிடிக்க, 1902இல் சான்றிதழோடு வெளியே வந்தார். அங்கே கட்டடக்கலைப் பிரிவில் சான்றிதழ் பெற்ற முதல் பெண் அவர்தான்.

4. சாரம் ஏறுங்கள். பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட்டுக்காக சான் சிமியோன் மலையில் மாளிகை கட்டும் வேலை 1919இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. வாரம் முழுக்க சான் பிரான்சிஸ்கோ அலுவலகம். வார இறுதியில் ராத்திரி ரயில் பிடித்து சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸியில் மலைக்கு. பாவாடைக்கு அடியில் பேன்ட் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி வேலையைப் பார்ப்பாராம். மேஸ்திரி போனில் அனுப்பும் படத்தில் ஸ்லாப்பின் மேல்பக்கம்தான் தெரியும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்தார்களா என்று குனிந்து பார்க்க உங்கள் கண் வேண்டும்.

5. சின்ன பட்ஜெட்டை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். மாளிகைக்காரர் கையில் இருந்த காலத்திலும் மார்கன் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதிகளையும் பெண்கள் சங்கக் கட்டடங்களையும் விடவில்லை. பெர்க்லியின் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்குக் காசு குறைவு. மரச் சட்டங்களைப் பலகை அடித்து மறைக்காமல் உள்ளே அப்படியே தெரிய விட்டார். செலவு மிச்சமானது, அழகும் அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

6. மனம் மாறுகிற வீட்டுக்காரரிடம் எழுத்தில் பேசுங்கள். ஹர்ஸ்ட் ஓயாமல் மாற்றுகிறவர். அந்த மாளிகையின் நெப்டியூன் நீச்சல் குளத்தை மட்டும் 1924க்கும் 1936க்கும் இடையில் மூன்று தடவை கட்டினார்கள். இருவரும் ஆண்டுக்கணக்கில் கடிதமும் தந்தியும் எழுதிக்கொண்டார்கள். யார் எதைக் கேட்டார், எது எப்போது முடிவானது என்று இன்றைக்கும் அவற்றிலிருந்து எடுக்கலாம். நீங்களும் போனில் பேசியதை அன்றைக்கே நாலு வரியில், தேதி போட்டு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பில் தகராறு வரும்போது அந்த நாலு வரிதான் பேசும்.

7. தாளைப் பாதுகாத்து வையுங்கள். மார்கனுக்கு விளம்பரம் பிடிக்காது. பேட்டி கொடுப்பதைத் தவிர்த்தார். தன் கட்டடங்களே தனக்காகப் பேசும் என்று நம்பினார். 1951இல் அலுவலகத்தை மூடினார், 1957இல் இறந்தார். கட்டடங்கள் நின்றன, ஆனால் அவர் பேரைச் சொல்லவில்லை. மலை மாளிகைக்குப் போனவர்களுக்கு ஹர்ஸ்ட் பேர்தான் தெரிந்தது. சாரா ஹோம்ஸ் பூட்டெல் என்ற ஆசிரியை இதைக் கட்டியது யார் என்று தேடக் கிளம்பி, வருடக்கணக்கில் அலைந்து, 1988இல் புத்தகமாகப் போட்டார். அவருக்குக் கை கொடுத்தது மார்கன் குடும்பத்தாரிடம் மிஞ்சியிருந்த தாள்கள். அவற்றை வாரிசுகள் 1980இல் கால் பாலி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். பாரிஸில் மாணவியாக மார்கன் வரைந்த பாடப் படங்கள், பிளான்கள், புகைப்படங்கள், ஹர்ஸ்ட் கடிதங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், அவர் ரயிலிலிருந்து இறங்கி டாக்ஸி பிடித்த அதே சான் லூயிஸ் ஒபிஸ்போ. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2014இல் தங்கப் பதக்கத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. வாங்க மார்கன் இல்லை. இறந்து 57 ஆண்டு ஆகியிருந்தது.

8. கூட இருந்தவர்கள் பேரையும் எழுதுங்கள். மார்கன் லாபத்தை ஊழியர்களுக்குப் பங்கிட்டவர். அவரிடம் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பேட்டி எடுத்து பெர்க்லியில் 1976இல் இரண்டு தொகுதிகளாகத் தொகுத்தார்கள். தாளில் இல்லாத பல விஷயங்கள் அவர்கள் வாயிலிருந்துதான் வந்தன. உங்கள் டிராயிங்கின் மூலைக் கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், எஞ்சினியர், மேஸ்திரி எல்லோர் பேரும் இருக்கட்டும்.

9. கம்ப்யூட்டரை மட்டும் நம்பாதீர்கள். இருபது வருடம் கழித்து அந்த ஃபைல் திறக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். வேலை முடிந்ததும் கடைசியாகத் திருத்திய பிளான், எஸ்டிமேட், முக்கியக் கடிதங்கள், சைட் படங்கள் ஆகியவற்றை அச்செடுத்து, தேதி போட்டு, ஒரே பெட்டியில் வையுங்கள். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உங்கள் பேரை எழுத வெட்கப்பட வேண்டாம். மார்கன் வெட்கப்பட்டார்; மற்றவர்கள் தேடி எழுத அத்தனை வருடம் பிடித்தது.