பழைய காருக்குப் பதினைந்து அங்குலம் போதும்

பழைய ஹோண்டா சிட்டி விடெக்கோ ஃபியட் பாலியோவோ கைக்கு வந்ததும் நெய்யாற்றின்கரைப் பக்கத்து இளைஞர்கள் முதலில் விசாரிப்பது ரிம்மைத்தான். இன்ஜின் ஆயில், டைமிங் பெல்ட் எல்லாம் அப்புறம். போனில் ஒரு படத்தைக் காட்டி, “இது நம்ம வண்டிக்குக் கேறுமா?” என்று கேட்பார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் 17 அங்குலம்.

இந்தியச் சாலைக்கென்று உண்டான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் அவற்றில் ஒன்று. அதனால் இந்தக் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்றால் அது 2000-இல் வந்த 106 குதிரைத்திறன் சிட்டி விடெக், 2001-இல் வந்த பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6, மாருதி பலேனோ, மிட்சுபிஷி லான்சர் வகையறாதான். கேஎல்-19 பாறசாலை, கேஎல்-20 நெய்யாற்றின்கரை, டிஎன்-75 மார்த்தாண்டம் என மூன்று வகை நம்பர் பிளேட்டும் ஒரே டயர் கடை வாசலில் நிற்கும் ஊர் இது. தமிழும் மலையாளமும் கலந்துதான் அங்கே பேரம் நடக்கும்.

உதியன்குளங்கரைப் பக்கத்தில் அப்படி ஒரு கடை. சிட்டியோடு வந்த ஒருவர் வயதான மெக்கானிக்கிடம் கேட்டார்: “ஆசானே, பதினேழு கேறுமா?”

“கேறும் பிள்ளே. ஆனா வளைக்கும்போ உரசும். பின்னால மூணு பேரு ஏறினா மட்கார்டையும் தின்னும்.”

ரிம் வாங்கும் எவரும் முதலில் போட வேண்டிய கணக்கு ஆசானின் பதிலிலேயே இருக்கிறது. மாருதி எஸ்டீம் போன்ற அந்தக் காலத்துக் கார்கள் 175/70 ஆர்13 டயரில் வந்தன. டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். அதில் 70 சதவீதம், அதாவது 122 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சைடு வால் உயரம். ரிம்மோடு சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் 575 மில்லிமீட்டர். ரிம்மை 14 ஆக்கி 185/60 போட்டால் விட்டம் 578. 15 ஆக்கி 195/50 போட்டால் 576. ரிம் இரண்டு அங்குலம் பெருத்தும் சக்கரம் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கிறது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதம் கெடாது, எதுவும் உரசாது. அதே காரில் 205/40 ஆர்17 ஏற்றினால் விட்டம் 596-ஐத் தொடும். மூன்றரை சதவீதத்துக்கு மேல் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 104-இல் போய்க்கொண்டிருக்கும். மூன்று சதவீதத்தைத் தாண்டாதே என்பது டயர் தொழிலில் பழகியவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

விட்டத்தை விட முக்கியமானது சைடு வால். 122 மில்லிமீட்டர் ரப்பர் இருந்த இடத்தில் 17 அங்குல ரிம்மில் 82 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். போன நாற்பது மில்லிமீட்டர்தான் இதுவரை குழியின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அமரவிளைப் பாலம் தாண்டி பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை, படந்தாலுமூடு, குழித்துறை என்று மார்த்தாண்டம் வரை ஒரு மழைக்காலத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விழிஞ்ஞம் துறைமுக வேலை 2015-இல் தொடங்கியதிலிருந்து கல் ஏற்றிய டாரஸ் லாரிகளின் போக்குவரத்து வேறு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் பகுதி. தண்ணீர் நிறைந்த குழி எவ்வளவு ஆழம் என்பது சக்கரம் இறங்கிய பிறகே தெரியும். பழைய இரும்பு ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் விரிசல் விடும். டயரின் கன்னத்தில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றியே ஆக வேண்டும்.

அப்படியானால் 13-இலேயே இருந்துவிடலாமே? இருக்கலாம். ஆனால் 13 அங்குலத்தில் நல்ல பிடிப்புள்ள டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. கடைகளில் இருப்பவை பெரும்பாலும் மைலேஜுக்கும் நீண்ட உழைப்புக்கும் செய்தவை. 14, 15-க்குப் போனால் தேர்வு விரிகிறது. பழைய காரில் ரிம் மாற்றுவதற்கு நியாயமான காரணம் என்று எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கண்ணுக்கு.

உலகெங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கொண்டாடும் மாஸ்டா எம்எக்ஸ்-5, சின்ன ரிம்மே போதும் என்பதற்கு நல்ல சாட்சி. 1989-இல் அது 14 அங்குல ரிம்மிலும் 185/60 டயரிலும் வந்தது. அலாய் ரிம் ஒன்றின் எடை ஐந்தரை கிலோ அளவில்தான். அமெரிக்காவில் இந்தக் காருக்கென்றே நடக்கும் ஸ்பெக் மியாட்டா பந்தய வகுப்பில் ரிம் 15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம் என்பது விதி. பந்தயக்காரர்களே பதினைந்தில் நிற்கிறார்கள். ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்மில்தான் ஓடின. 18-க்கு மாறியது 2022-இல். சின்ன ரிம் என்றால் வேகம் குறைவு என்ற எண்ணத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

ரிம்மின் எடையை யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை இது. அதிலும் சுழலும் எடை. ரிம் பெரிதாக ஆக அதன் கனம் அச்சிலிருந்து விலகிப் போகிறது. அதைச் சுழற்றவும் நிறுத்தவும் இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாகப் பாடுபட வேண்டும். பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றிவிட்டு கம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடுவதுபோல. மலிவு விலை 17 அங்குல ரிம்கள் பல 10 கிலோவைத் தாண்டும். பாறசாலைக்காரர் ஒருவர் புதிதாக வாங்க நினைத்த ரிம் ஒன்றையும் தன் காரோடு வந்த ரிம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்குப் போய், இரண்டையும் மாறி மாறித் தராசில் வைத்தார். அதோடு 17 பற்றிய பேச்சு நின்றது. ரப்பர் விளையும் ஊரில் தராசுக்கா பஞ்சம்? யாரும் செய்து பார்க்கலாம்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் உட்புறம் ‘இடி’ (ET) என்று போட்டு ஓர் எண் பொறித்திருக்கும். ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே அது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். எம்எக்ஸ்-5-இன் கணக்கையே பார்க்கலாம். ஐந்தரை அங்குல அகலமும் இடி 45-உம் கொண்ட ரிம்மை எடுத்துவிட்டு 7 அங்குல, இடி 35 ரிம் போட்டால் வெளி விளிம்பு 29 மில்லிமீட்டர் வெளியே வரும். உள் விளிம்பு 9 மில்லிமீட்டர் உள்ளே போய் ஷாக் அப்சார்பரை நெருங்கும். வெளியே தள்ளிய சக்கரம் வீல் பேரிங்கைச் சீக்கிரம் தின்னும், ஸ்டியரிங்கைப் பள்ளத்துக்குப் பள்ளம் இழுக்கும், மழையில் கதவு முழுக்கச் சேறு அடிக்கும். தள்ளி நிற்பதுதான் அழகு என்று ஸ்பேசர் வைத்துத் தள்ளுபவர்களும் உண்டு. இருபது வயதுப் பேரிங்குக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. அதில் இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை மார்த்தாண்டம் பக்கத்துப் பாலியோ ஒன்று காட்டியது. வண்டி எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்சிங், அலைன்மென்ட், டை ராட் என்று ஒவ்வொன்றாகச் செய்தும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் கழற்றிப் பார்த்தால், ஃபியட்டின் ஹப் 4x98, அதாவது நான்கு போல்ட், 98 மில்லிமீட்டர். மாட்டியிருந்த ரிம் 4x100. ஹோண்டா, ஹூண்டாய், ஸ்விஃப்ட் எல்லாம் 4x100 என்பதால் கடையில் கிடைப்பதும் அதுதான். போல்ட் எப்படியோ முறுகிவிடும். ஆனால் சக்கரம் நடுவில் உட்காராது; ஒரு போல்ட் நேராகவும் மற்றவை சாய்ந்தும் இழுத்துப் பிடித்திருக்கும். நடுக்கத்தோடு போனது அந்த வண்டியின் அதிர்ஷ்டம், போல்ட் அறுந்திருக்கலாம். ஃபோர்டு ஐகான் 4x108, பழைய மாருதி ஜென் 4x114.3. ரிம்மின் நடுத் துளையும் இதேபோல் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும்; துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும். ஹோண்டாவுக்கு 56.1 மில்லிமீட்டர், ஃபோர்டுக்கு 63.4.

ஹோண்டாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பெனி நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ரிம்மில் உட்காரும் முகம் கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம்களின் துளையோ பெரும்பாலும் புனல் மாதிரி 60 டிகிரி சரிவு. உருண்டை நட்டைச் சரிவுத் துளையில் முறுக்கினால் சுற்றிலும் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கழற்றினால் நட்டின் முகத்தில் நூல் கட்டியதுபோல ஒரு பளபளப்பான வளையம் தெரியும். அது தெரிந்தால் அந்த நட்டோடு இன்னொரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. ரிம்மோடு சரிவு முக நட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். ஹோண்டாவுக்குப் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர், சுசுகிக்கு 1.25. ஏர் கன்னால் கிர்ரென்று அடித்துவிட்டு அனுப்புவது கடைகளின் வழக்கம். டார்க் ரெஞ்ச் கேளுங்கள். சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். புது ரிம் போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கம் பார்த்துவிட வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ரிம் செட் நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்குவதில் தப்பில்லை, முகத்தைப் பார்த்து வாங்குவதுதான் தப்பு. பெயிண்ட் அடித்த முகம் எல்லாவற்றையும் மறைக்கும். ரிம்மைக் கவிழ்த்து உட்பக்க விளிம்பை விரலால் சுற்றித் தடவ வேண்டும். குழியில் விழுந்த அடி அங்கேதான் இருக்கும். வெல்டு வைத்த தடம் கண்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். பேலன்சிங் மிஷினில் டயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டால் கோணல் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஜப்பான் ரிம் என்று சொன்னால் ‘ஜேடபிள்யூஎல்’ (JWL) தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. லோடு இண்டெக்ஸ் பழைய டயரை விடக் குறையக் கூடாது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே பலர் ‘கேரளத்தில்தான் கெடுபிடி, களியக்காவிளை தாண்டினால் கேட்க ஆளில்லை’ என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம், இரண்டு பக்கமும் ஒன்றுதான். தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் சக்கரத்தைப் பார்ப்பார். சிக்கலில்லாத வழி, அதே மாடலின் உயர்ந்த வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுத்த ரிம் அளவைத் தேடிப் போடுவது. அது உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அதற்கு மேல் ஆசை இருந்தால் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

டயர் அகலத்திலும் பேராசை வேண்டாம். அகலமான டயர் காய்ந்த ரோட்டில் பிடிக்கும். தேங்கிய தண்ணீரில் குறுகிய டயரை விடச் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். ஆண்டில் பாதி நாள் நனையும் சாலைக்கு 195 தாராளம்.

கடைசியாக, பழைய நான்கு ரிம்மையும் அவற்றின் நட்டையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு கழித்தாலும் சரி. சொந்தக் காரின் ஆர்சி பதினைந்து ஆண்டில் முடியும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2002-இல் பதிவான சிட்டிக்கு அந்த ஆண்டுகள் 2017, 2022, அடுத்து 2027. இன்ஸ்பெக்டர் முன் வண்டியை நிறுத்தும் அன்று கம்பெனி ரிம் மாட்டியிருந்தால், சக்கரம் பற்றிக் கேள்வி வராது.