சிறுவட்டுக் காட்சிகளைக் கணினியில் ஏற்றும் முறை

மேனாம்பேட்டில் எம் இல்லத்து அலமாரியிலே எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள டிவிடி வட்டொன்று கிடந்தது. 2007ஆம் ஆண்டில் எம் பாட்டனார் திண்ணையிலிருந்து பேசியது அதன்கண் பதிவாகியிருந்தது. அவர் இன்றில்லை, அவர் குரலும் வேறெங்குமில்லை. ஆகலின் அதனைக் கணினியில் ஏற்ற முயன்றோம். அம்முயற்சியிற் கற்றவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது, வட்டினைக் காமிராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்து முடித்தல் வேண்டும். இன்றேல், கணினி அதனை வெற்று வட்டென்றே கொள்ளும். எம் காமிரா பழுதுற்றமையின், அதே வகைக் காமிராவை அன்பர் ஒருவரிடம் இரவல் பெற்றோம்.

இரண்டாவது, தட்டில் வைக்கும் டிரைவே ஏற்றது; தானே உள்ளிழுக்கும் டிரைவிற் சிறுவட்டு சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறை முழுவதையும் நகலெடுத்தல் வேண்டும். அதனுள் ‘விஓபி’ கோப்புகளே காட்சியும் ஒலியும் உடையன. ஒரு கோப்பு 1 ஜி.பி.க்கு மேற்படாது, ஆதலின் நீண்ட காட்சி இரண்டாய்ப் பிரிந்திருப்பின் வரிசை மாறாது இணைக்க.

அக்கோப்பை எடிட்டிங் மென்பொருளில் நேரே இட்டபோது பாட்டனாரின் வாயசைந்தது, குரல் எழவில்லை. எம் நெஞ்சு துணுக்குற்றது. காரணம் என்னை? ஒலி டால்பி முறையிற் பதிந்திருந்தது. அம்மென்பொருள் அதனை அறியாது. ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளால் எம்பி4 ஆக மாற்றியபின் குரல் கேட்டது. வீட்டார் அனைவரும் கூடிவிட்டனர். மாற்றுந்தோறும் தெளிவு சிறிது குன்றுமாகலின், ஒருமுறையே மாற்றி மூலநகலையும் காத்தல் நன்று.

பதிவு வட்டின் சாயம் நாளடைவில் மங்குவது. நண்பர்காள், நும் இல்லத்தும் இத்தகைய வட்டிருப்பின், இன்றே எடுத்துப் பார்மின்.